தோட்டத்து வீட்டில் குதிரையும் குட்டி நாய்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் தோட்டத்தில் குடியிருந்துகொண்டு, ஆடு மாடோடு ஒரு குதிரையும் இரண்டு குட்டி நாய்களும் வைத்துக்கொள்ள ஆசைப்படும் குடும்பங்களுக்காக எழுதியது. வருகிற தொல்லைகளில் பாதிக்கும் மேல் ஒரே காரணம்தான். மாட்டைப் பார்க்கிற கண்ணோடு குதிரையைப் பார்க்கிறோம், காவல் நாயை வளர்க்கிற மாதிரி குட்டி நாயை வளர்க்கிறோம்.

மாட்டுத்தொழுவிலேயே குதிரையையும் கட்டிக்கொள்ளலாமா?

கட்டலாம். ஆனால் மாட்டுக்குச் செய்வதையே அதற்கும் செய்யக்கூடாது. மாடு ஒரே மூச்சில் தின்றுவிட்டுப் படுத்து அசைபோடும். குதிரைக்கு அசைபோடத் தெரியாது. அதன் இரைப்பை உடம்பை வைத்துப் பார்த்தால் மிகச் சிறியது. நாளில் பெரும்பகுதி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதற்கென்றே அமைந்த வயிறு அது. அதோடு குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தவறான தீனி உள்ளே போய்விட்டால் திரும்பி வர வழியில்லை.

இது நம் ஊருக்குப் பழைய பிரச்சினை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல் வழியாக விலை கொடுத்து வாங்கி வந்த குதிரைகள் சரியான பராமரிப்பு இல்லாமல் கூட்டம் கூட்டமாகச் செத்ததை எழுதிவைத்திருக்கிறார். அவற்றுக்குச் சமைத்த சோறு கொடுத்ததையும் சொல்கிறார்.

லாயம் மட்டக்குதிரைக்கு 10 அடிக்கு 10 அடி, பெரிய குதிரைக்கு 12 அடிக்கு 12 அடி இருக்கட்டும். கூரை 10 அடி உயரத்துக்குக் குறையக்கூடாது. தகரம் போட்டால் மேலே தென்னங்கீற்று வேய்ந்துவிடுங்கள். இரண்டு பக்கமாவது காற்று போக வேண்டும். மூத்திரம் தேங்கி நெடி அடித்தால் முதலில் கெடுவது நுரையீரல், அடுத்தது குளம்பு. வேலிக்கு முள்கம்பி வேண்டவே வேண்டாம். மிரண்ட குதிரை அதில் காலைவிட்டால் தசை எலும்புவரை கிழியும். கல்கால் நட்டு மூங்கிலோ மரச்சட்டமோ கட்டுங்கள்.

இன்னொன்று, குதிரை கூட்டத்தில் வாழும் பிராணி. தனியாகக் கட்டிப்போட்டால் மரத்தைக் கடிக்கும், நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். இன்னொரு குதிரைக்கு வசதியில்லையென்றால் ஒரு வெள்ளாட்டையாவது துணைக்கு விடுங்கள்.

ஒரு நாளைக்கு என்ன தீனி, எவ்வளவு?

300 கிலோ எடையுள்ள மட்டக்குதிரையை வைத்துச் சொல்கிறோம். காய்ந்த புல்லாக ஏறக்குறைய 6 கிலோ, அல்லது பச்சை அருகம்புல் 18 முதல் 20 கிலோ. இதை நான்கு வேளையாகப் பிரித்துப் போடுங்கள். அதில் பெரிய பங்கு இரவுக்குப் போகட்டும், ஏனென்றால் விடியும்வரை வயிறு காலியாகக் கிடக்கக்கூடாது. குதிரைமசால் கிடைத்தால் உலர்த்தி ஒரு கிலோ சேர்க்கலாம். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதில் உண்டு.

கொள்ளு நம் ஊர்க் குதிரையின் பழைய தீனி. வேலை செய்யாத குதிரைக்கு அரைக் கிலோ போதும், தினமும் சவாரியோ வண்டியோ இருந்தால் ஒரு கிலோ. இரவில் ஊறப்போட்டு, காலையில் விரலால் நசுக்கினால் மசிகிற பதத்துக்கு வேகவைத்து, ஆறிய பிறகு இரண்டு வேளையாகக் கொடுங்கள். பச்சைக் கொள்ளு சரியாகச் செரிக்காது. ஊறவைத்தது புளித்த வாடை அடித்தால் கீழே கொட்டிவிடுங்கள். வீணாகிறதே என்று போட்டால் வயிற்றுவலியில் முடியும்.

கல் உப்பு நாளுக்கு 25 முதல் 30 கிராம். தண்ணீர் சாதாரண நாளில் 25 லிட்டருக்குக் குறையாது, கத்திரி வெயிலில் 40 லிட்டரைத் தாண்டும். தொட்டியில் எப்போதும் கிடக்க வேண்டும். வேளைக்கு ஒரு வாளி காட்டும் பழக்கம் மாட்டோடு நிற்கட்டும். எந்தத் தீனியை மாற்றினாலும் 7 முதல் 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

வைக்கோல், சோளநாத்து, கம்பு நேப்பியர் எல்லாம் வீட்டிலேயே இருக்கிறதே?

வைக்கோலில் சத்து குறைவு. அதை மட்டுமே தின்னும் குதிரைக்குக் குடலில் அடைப்பு வரும். படப்பிலிருந்து உருவும்போது பூஞ்சணம் பிடித்திருந்தால் கைப்பிடிகூடப் போடாதீர்கள். சோளம் பச்சையாக, இளசாக இருக்கும்போது அதில் நஞ்சு உண்டு என்பது மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். குதிரைக்கு அது மூத்திரப்பையையும் பின்னங்கால் நரம்பையும் சேர்த்துக் கெடுக்கும்.

கம்பு நேப்பியரிலும் கொழுக்கட்டைப் புல்லிலும் ஆக்சலேட் அதிகம். அது சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. மாட்டின் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதை உடைத்துவிடுகின்றன, குதிரைக்கு அந்த வசதி இல்லை. மாதக்கணக்கில் இதையே போட்டால் முக எலும்பு வீங்கும், நடை தடுமாறும். கலந்து போடலாம், முழுத்தீனியாக வேண்டாம். தவிட்டை அள்ளிப்போட்டாலும் இதே கதிதான். அதில் பாஸ்பரஸ் அதிகம். ஒரு கைப்பிடிக்கு மேல் பழக்காதீர்கள்.

கடையில் வாங்கும் மாட்டுத்தீவனமும் கோழித்தீவனமும் கூடவே கூடாது. சிலவற்றில் மோனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். மாட்டுக்கும் கோழிக்கும் ஒன்றும் செய்யாத அளவே குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும். தீவன மூட்டை இருக்கும் அறைக்குத் தாழ்ப்பாள் போட்டே வையுங்கள்.

கோடையில் சீமைக்கருவேல நெற்று உதிர்ந்து கிடக்கும். இனிப்புக்காக விரும்பித் தின்னும், நிறையத் தின்றால் குடல் அடைத்துக்கொள்ளும். அரளி அதைவிடக் கொடியது. காய்ந்த இலையும் நஞ்சுதான், ஒரு கைப்பிடியே உயிரை எடுக்கும். பூஜைக்கென்று வேலியோரம் அரளி வைத்திருந்தால் குதிரை எட்டாத பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். வெட்டிய கிளையை மேய்ச்சல் பக்கம் எறியவே கூடாது.

குதிரைக்கு வயிற்றுவலி என்று எப்படித் தெரியும்? என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மனப்பாடம் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள்.

முன்னங்காலால் தரையைப் பறிக்கும். திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்க்கும். மேல் உதட்டைச் சுருட்டும். படுக்கும், எழும், மறுபடி படுத்துப் புரளும். சாணம் போட்டிருக்காது, அல்லது சின்னச் சின்ன உருண்டையாக, வறண்டு, மேலே சளி பூசியதுபோல இருக்கும். காலையில் தீனிக்குக் கனைக்கிற குதிரை தொட்டியைத் திரும்பிப் பார்க்காமல் நின்றாலே சந்தேகப்படலாம்.

முதல் வேலை, தீனி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தண்ணீர் இருக்கட்டும். பிறகு நாடி பாருங்கள். தாடை எலும்பின் கீழ் விளிம்பில் உள்பக்கமாக விரல் வைத்துத் தடவினால் பென்சில் கனத்தில் ஒரு குழாய் உருளும். அங்கே 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் 28 முதல் 44 வரை சரி. 60ஐத் தாண்டினால் அவசரம். மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். விலாவின் இரண்டு பக்கமும் காது வைத்துக் கேளுங்கள், குடல் இரையும் சத்தம் கேட்டால் நல்லது. அறவே சத்தமில்லையென்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த விவரங்களோடு மருத்துவரைக் கூப்பிடுங்கள். தெரிந்த மருத்துவர் இல்லையென்றால் 1962 எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸைக் கேட்கலாம். வரும்வரை பத்து நிமிடம் மெல்ல நடத்துங்கள், பிறகு நிற்கவிடுங்கள். ஓட்டாதீர்கள். மாட்டுக்கு ஊற்றுவதுபோல மூங்கில் குழாயிலோ பாட்டிலிலோ எண்ணெயும் கஷாயமும் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். மருத்துவர் மூக்கு வழியாக இரைப்பைவரை குழாய் விட்டுத்தான் மருந்து செலுத்துவார். கொஞ்சம் தெளிந்தவுடன் பாவம் என்று கொள்ளு வைக்காதீர்கள், மருத்துவர் சொல்கிற நேரம்வரை வெறும் வயிறுதான்.

குளம்பை எப்படிக் கவனிப்பது? லாடம் கட்டாயமா?

தினமும் ஒரு முறை நான்கு குளம்பையும் தூக்கிப் பார்க்க வேண்டும். தோளோடு ஒட்டி, வாலைப் பார்த்து நில்லுங்கள். தோளிலிருந்து கையை வழித்துக் காலின் பின்பக்கமாகக் கீழே கொண்டுவந்து, கணுக்காலுக்கு மேல் மெதுவாக அழுத்தினால் தூக்கிக் கொடுக்கும். குளம்புக் கொக்கியைக் குதிகாலிலிருந்து முன்நுனி நோக்கி மட்டும் இழுங்கள். நடுவில் ரப்பர் போல முக்கோணமாக இருக்கும் பகுதியின் இரு பக்கப் பள்ளங்களில்தான் சாணமும் கல்லும் அடைந்திருக்கும். அங்கே கறுப்பாகக் கசிந்து அழுகல் நாற்றம் அடித்தால் குளம்பு அழுகல். ஈரத்தில் நிற்பதுதான் காரணம். கழுவித் துடைத்து, நன்றாக உலரவிட்டு, பொவிடோன் அயோடின் தடவி, காய்ந்த தரைக்கு மாற்றுங்கள். தரையை மாற்றாமல் மருந்து மட்டும் தடவினால் ஆறாது. பேரையூர், திருமங்கலம் கரிசலில் ஐப்பசி, கார்த்திகை முழுக்க இதே தொல்லைதான். லாயத்து வாசலில் சரளை கொட்டி மேடாக்கிக்கொள்ளுங்கள்.

6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை குளம்பைச் சீவ வேண்டும். தோட்டத்து மண்ணில் மட்டும் நடக்கிற குதிரைக்கு லாடம் அவசியமில்லை. தார் ரோட்டில் தினமும் போனால் வேண்டும். மாட்டுக்கு லாடம் அடிப்பவரெல்லாம் குதிரைக்கு அடிக்கத் தெரிந்தவர் அல்ல. ஆணி உயிர்ப்பகுதியில் இறங்கிவிட்டால் நொண்டும், சீழ் கோக்கும். குதிரைக்கு அடித்துப் பழகியவரா என்று கேட்டுக்கொண்டு காலைக் கொடுங்கள்.

முள்ளோ ஆணியோ ஏறியிருந்தால் ஏறிய இடத்தைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். எவ்வளவு ஆழம் என்று அவருக்குத் தெரிய வேண்டும். ரணஜன்னி குதிரையை எளிதில் கொல்லும் நோய். தடுப்பூசி முதலில் 4 முதல் 6 வார இடைவெளியில் இரண்டு, பிறகு ஆண்டுக்கு ஒன்று. சாணம் அள்ளுகிறவர்களும் டி.டி. ஊசியைத் தள்ளிப்போடக்கூடாது.

எந்தக் குட்டி நாய் நம் ஊர் வெயிலுக்குத் தாங்கும்?

சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் நம் பக்கத்து நாய்கள்தாம், ஆனால் அவை குட்டி நாய்கள் அல்ல. சிறிய இனமாக வேண்டுமென்றால், நம் ஊரில் பொமேரேனியன் என்று விற்கப்படும் ஸ்பிட்ஸ் ஓரளவு தாங்கும். வெயில் காலத்தில் அதன் முடியை ஒட்ட மழிக்காதீர்கள், சீவி உதிர்முடியை எடுத்தால் போதும். டாஷண்ட் எலி பிடிப்பதில் கெட்டிக்காரன். ஆனால் நீண்ட முதுகு, குட்டைக் கால். திண்ணையிலிருந்து தினமும் குதித்தால் தண்டுவடம் போய்விடும். பக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்களைத் தோட்டத்து வீட்டுக்கு நாங்கள் சொல்லமாட்டோம். மூச்சு வாங்கித்தான் நாய் தன் சூட்டைத் தணிக்கிறது. மூக்கே அடைபட்ட நாய்க்குச் சித்திரை வெயில் பெரிய தண்டனை. தெருவில் பிறந்த சின்ன உடம்பு நாட்டுக்குட்டியை எடுத்து வளர்ப்பது எல்லாவற்றையும்விடச் சுலபம்.

நாயையும் குதிரையையும் எப்படிப் பழக்குவது?

அவசரப்படாமல் இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சில நாள் குதிரை லாயத்தில் புல் தின்றுகொண்டிருக்க, நாயைக் கயிற்றில் பிடித்து 20 அடி தள்ளி உட்காருங்கள். குதிரை தலையைத் தூக்கி, காதை நாய் பக்கம் திருப்பிப் பார்க்கும். பார்த்துவிட்டு மறுபடி புல்லுக்குக் குனிந்தால் அன்றைய பாடம் முடிந்தது. நாய் குரைக்காமல் இருந்ததற்கு ஒரு துண்டு கறி கொடுங்கள். அடுத்து 10 அடி. அதன்பிறகு, குதிரையை ஒருவர் நடத்த, நாயை இன்னொருவர் பக்கவாட்டில் தள்ளி நடத்திக்கொண்டு வரலாம்.

குதிரைக்கு நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் கீழேயும் கண் தெரியாது. குட்டி நாய் புகுந்து ஓடுவது சரியாக அந்த இரண்டு இடங்களில்தான். பின்னங்கால் உதை 8 அடிவரை எட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 கிலோ நாய்க்கு ஒரு உதை போதும். காது பின்னால் படிந்து, வால் வெடுக்கென்று அடித்து, ஒரு பின்னங்கால் தூக்கினால் உடனே நாயை விலக்குங்கள். நாயைக் கையில் தூக்கிக் குதிரையின் முகத்தருகே காட்டுவது வேண்டாம், கடி வாங்கலாம். ‘இரு’, ‘வா’ என்ற இரண்டு சொல்லுக்கு நாய் கட்டாயம் கட்டுப்பட வேண்டும், வீட்டில் எல்லோரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும். தாத்தா ‘நில்லு’ என்றும் பிள்ளைகள் ‘ஸ்டாப்’ என்றும் சொன்னால் நாய் குழம்பும். தீனி நேரத்தில் மட்டும், எவ்வளவு பழகியிருந்தாலும், நாய் கட்டித்தான் இருக்க வேண்டும்.

உண்ணி மருந்து ஒன்றையே எல்லாவற்றுக்கும் அடிக்கலாமா?

கூடாது. மாட்டுக்கும் நாய்க்கும் உண்ணிக்காக அடிக்கும் அமிட்ராஸ் குதிரையின் குடல் அசைவை நிறுத்திவிடும். அதை அடித்த தெளிப்பானைக் கழுவிக்கூடக் குதிரைக்குப் பயன்படுத்தாதீர்கள். அதேபோல, குதிரைக்கு ஐவர்மெக்டின் குடற்புழு மருந்து கொடுத்த பின் சில நாள் அதன் சாணத்தில் மருந்து இருக்கும். குட்டி நாய்க்குக் குதிரைச் சாணம் தின்னுவதில் தனி ஆசை உண்டு. மருந்துள்ள சாணத்தைத் தின்றால் நாய்க்கு நடை தள்ளாடும், எச்சில் ஒழுகும், சில நாய்களுக்கு வலிப்பும் வரும். அந்த நாட்களில் சாணத்தை உடனுக்குடன் அள்ளி மூடிய குழியில் போடுங்கள். பேஸ்ட் மருந்து கீழே சிந்தினால் துடைத்துவிடுங்கள்.

நாய்க்கு உண்ணி மருந்தை எடை பார்த்துத்தான் வாங்க வேண்டும். உண்ணி கடித்த நாய் சோர்ந்து, காய்ச்சலாகி, ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வந்தால் ரத்தப் பரிசோதனை அவசியம். மனிதருக்கான வலி மாத்திரை எதையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள். எலி கேக்கைத் தீவன அறையில் வைக்கவே வேண்டாம். நாய் அதைத் தின்றால் சில வகைகளில் மூன்று நான்கு நாள் கழித்துத்தான் உள்ளே ரத்தம் கசியத் தொடங்கும், அதற்குள் காரணமே மறந்திருக்கும். தீவனத்தை மூடிபோட்ட டிரம்மில் வைத்தால் எலி குறையும், எலியைத் தேடி வரும் பாம்பும் குறையும்.

நாயைப் பாம்பு கடித்துவிட்டால்?

கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், நடக்கவிடாதீர்கள். தூக்கிக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான், ஆகவே பாம்பைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். புறப்படும்போதே போன் செய்து மருந்து இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கத்திரி வெயிலில் என்ன மாற்ற வேண்டும்?

சவாரி, பயிற்சி எல்லாம் காலை 8 மணிக்குள் முடியட்டும். வியர்த்து வந்த குதிரைக்குத் தண்ணீர் காட்டக்கூடாது என்பது பழைய பயம். அரை வாளியாகக் கொடுத்து, கொஞ்சம் நடத்தி, மறுபடி கொடுங்கள். உடம்பில் தண்ணீர் ஊற்றி, வழித்துவிட்டு, மீண்டும் ஊற்றுங்கள். ஊற்றிய தண்ணீர் சூடாகி உடம்பிலேயே நின்றால் பயனில்லை. இவ்வளவு வெயிலிலும் உடம்பு வறண்டு, வியர்க்காமல், மூச்சு மட்டும் வேகமாக வாங்கினால் அது நோய். மருத்துவர் பார்க்க வேண்டும். நாயின் உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் சரி. 40ஐத் தாண்டி நாக்கு செக்கச்செவேல் என்றிருந்தால் சாதாரணத் தண்ணீரால் வயிறு, தொடையிடுக்கு, பாதம் நனைத்து விசிறிக்கொண்டே கிளம்புங்கள். ஐஸ் வேண்டாம்.

பிள்ளைகளும் விருந்தாளிகளும் வரும்போது?

பொங்கலுக்கு வரும் சொந்தபந்தம் எல்லோருக்கும் குதிரைக்கு ஒரு வாய் சர்க்கரைப் பொங்கல் ஊட்ட ஆசை வரும். பத்துப் பேர் ஊட்டினால் பத்து வாய். அதற்குப் பதில் ஒரு தட்டில் கேரட்டை நீளவாக்கில் நறுக்கி வைத்து, ஆளுக்கு ஒரு துண்டு என்று கொடுத்துவிடுங்கள். வட்டமாக நறுக்கியது தொண்டையில் அடைக்கும். உள்ளங்கையை விரித்து, கட்டைவிரலை ஒட்டி வைத்து நீட்டச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் தலைக்கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்கவே கூடாது. குதிரை மிரண்டு ஓடினால் சுற்றிய கையோடு இழுத்துக்கொண்டு போகும். மடித்துப் பிடிக்கப் பழக்குங்கள். ஏறுவதற்குச் சவாரித் தலைக்கவசம் வேண்டும். வெறுங்காலோடும் ரப்பர் செருப்போடும் அங்கவடியில் கால் வைக்கக்கூடாது. பாதம் உள்ளே நழுவி மாட்டிக்கொள்ளும். சின்னக் குதிகால் வைத்த ஷூ போடட்டும். சேணத்தோடு சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் சுமை. 300 கிலோ மட்டத்துக்கு 60 கிலோ. பெரிய மாமாக்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளட்டும்.

நாய் கடித்துவிட்டால்? நம் வீட்டு நாய்தானே?

வீட்டு நாயானாலும் கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். நாய்க்கு மூன்று மாதத்தில் வெறிநாய்த் தடுப்பூசி தொடங்கி ஆண்டுதோறும் போட வேண்டும். குதிரைக்கும் வெறிநோய் வரும், அதற்கும் ஊசி உண்டு.

குதிரை எங்கே வாங்குவது, எதைப் பார்த்து வாங்குவது?

ஆடியில் நடக்கும் அந்தியூர் குருநாதசுவாமி கோவில் சந்தை பெயர்பெற்றது. மார்வாரி, கத்தியவாரி, நாட்டு மட்டம் எல்லாம் வரும். வாங்க வருகிறவர்கள் முதலில் சுழி பார்க்கிறார்கள். நம்பிக்கை உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் குளம்பையும் பல்லையும் மூச்சையும் பார்த்துவிட்டுச் சுழிக்கு வாருங்கள். 5 வயதில் பால் பற்கள் முழுக்க விழுந்து முளைத்திருக்கும். கெட்டித் தரையில் நடக்கவிட்டுக் கண்ணை மூடிக் கேளுங்கள், நான்கு அடியும் ஒரே சீராக விழ வேண்டும். நடக்கும்போது தலை ஆடினால் முன்னங்கால் நொண்டுகிறது. மூக்கில் கெட்டியான சளியும் தோலில் வரிசையாகக் கட்டிகளும் இருந்தால் தொடாமல் விலகிவிடுங்கள். அது கிளாண்டர்ஸாக இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும். வாங்குவதற்கு முன் ரத்தப் பரிசோதனைச் சான்று கேளுங்கள்.

பழக்காத குதிரையை மலிவு என்று வாங்காதீர்கள். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்ற பழமொழி சும்மா வரவில்லை. விற்பவரையே கடிவாளம் போட்டு, சேணம் கட்டி, ஏறி இறங்கிக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டு நாள் கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தால்?

பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் ‘அண்ணே, கொஞ்சம் பார்த்துக்கங்க’ என்று சொல்லிவிட்டுப் போவது மாட்டுக்குச் சரி. குதிரைக்கு, முந்தின நாளே அவரை வரவழைத்து ஒரு வேளைத் தீனியை அவர் கையால் போடவைக்க வேண்டும். வேளைக்கு ஒரு கட்டாகப் புல்லைக் கட்டி வையுங்கள், கொள்ளை அளந்து தனித்தனிப் பையில் போடுங்கள். ஒரு அட்டையில் தீனி நேரம், ஓய்வு நாடி 28–44, மருத்துவர் எண், 1962, ‘வயிறு வலித்தால் எண்ணெய் ஊற்ற வேண்டாம்’ என்று பெரிய எழுத்தில் எழுதி லாயத்துத் தூணில் ஆணியடித்து மாட்டிவிடுங்கள். நாய்களை அவர் வீட்டில் விடுவதானால் அவை படுக்கும் சாக்கையும் கூடவே கொடுத்தனுப்புங்கள்.